ஆற்றுத் துறையில் லாரி! அழிவது யார் சோறு?

முக்கொம்பில் இரண்டாகப் பிரிந்து, ஸ்ரீரங்கத்தை நடுவே விட்டு ஓடுகின்றன காவிரியும் கொள்ளிடமும். திருச்சி ஜில்லாவின் உழைப்பாளி மக்களுக்கு இந்த இரண்டு ஆறுகளும் மூன்று வகையில் சோறு போடுகின்றன. வயலுக்குத் தண்ணீர் தருகின்றன. குடிக்கத் தண்ணீர் தருகின்றன. கூலி கிடைக்காத நாளில் குழம்புச் சட்டிக்கு மீன் தருகின்றன. முதல் இரண்டைப் பற்றிச் சட்டசபையில் பேசுகிறார்கள், பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். மூன்றாவதைப் பற்றிப் பேசுவார் இல்லை. காரணம் தெரிந்ததே. ஆற்று மீனைப் பிடித்துக் குழம்பு வைப்பவன் ஏழை. அவனுடைய நஷ்டம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

இந்த வாரம் நாம் அந்த மூன்றாவது விஷயத்தை எழுதுகிறோம். லாரியும் டிப்பரும் பொக்லைனும் ஆற்றுக்குள் இறங்கி, ஓடும் தண்ணீரை மிதித்துக் கடக்கும்போது மீனுக்கு என்ன நேர்கிறது? அதனால் யாருடைய வயிறு காய்கிறது? பொறுப்பு யாருடையது?

துறையைத் தேடும் இருவர்

ஆற்றைக் கடக்க வண்டி ஓட்டுகிறவர் எந்த இடத்தைத் தேடுவார்? ஆழம் குறைந்த இடத்தை. அடியில் பருமணலும் கூழாங்கல்லும் கெட்டியாகக் கிடக்கும் இடத்தை. அதைத்தான் துறை என்கிறோம்.

மீன் குஞ்சும் அதே இடத்தைத்தான் தேடுகிறது. ஆழத்தில் பெரிய மீன்கள் வாயைப் பிளந்து காத்திருக்கும். ஆகவே குஞ்சுகள் ஆழமில்லாத ஓரத்துக்கு வந்து கூட்டமாக நிற்கும். அயிரை மணலுக்குள் புதைந்து கிடக்கும். ஆரலும் அப்படியே. விரால் ஓரத்துப் புல்லிலும் பாசியிலும் முட்டையிட்டு, குஞ்சு பொரித்துத் தேறும்வரை காவல் இருக்கும். கல்லில் படிந்த பாசியும், மணலில் நெளியும் புழு பூச்சியும், நத்தையும்தான் இவற்றுக்கெல்லாம் தீனி. மீனுக்குத் தொட்டிலும் அடுப்படியும் துறையிலேயே இருக்கின்றன.

அந்த இடத்தின் மீதுதான் டயர் ஏறுகிறது. ஒரு யூனிட் மணல் என்பது 100 கன அடி. எடை சுமார் 4.5 டன். மூன்று யூனிட் ஏற்றிய லாரியில் மணல் மட்டுமே 13 டன்னைத் தாண்டும். லாரியின் சொந்த எடை தனி. இவ்வளவு பாரம் மணலில் புதைந்து கிடக்கும் அயிரை மேல் ஏறினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

நசுங்கிச் சாவது நஷ்டத்தில் ஒரு பகுதிதான். சக்கரம் கிளப்பிவிடும் வண்டல், துறையோடு நிற்பதில்லை. ஓட்டத்தோடு கீழே போய் மெதுவாகப் படிகிறது. கல்லிடுக்கில் கிடக்கும் முட்டை மேல் ஒரு மெல்லிய சேற்றுப் போர்வை விழுகிறது. முட்டைக்கும் மூச்சு வேண்டும். தண்ணீரில் கரைந்துள்ள பிராணவாயு அதற்கு எட்டாமற் போனால் உள்ளேயே அழுகிவிடும். வளர்ந்த மீனுக்கும் இதே கதிதான். அதன் செவுளில் சேறு அப்பினால் மூச்சுத் திணறுகிறது. கலங்கிய தண்ணீரில் வெயில் இறங்காததால் பாசியும் வளராது. பஞ்சாலையில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்து நெஞ்சு அடைத்துப்போன தோழர்களுக்கு இதை நாம் அதிகம் சொல்ல வேண்டுமா?

பிறகு எண்ணெய். அச்சிலிருந்து கிரீஸ், என்ஜினிலிருந்து டீசல். ஒரு லாரியிலிருந்து சில துளிதான் ஒழுகும். வரிசையாக லாரிகள் போனால் துறையில் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் மிதக்கும். போதாக்குறைக்கு, லாரியை ஆற்றிலேயே நிறுத்திக் கழுவும் வழக்கமும் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலானது தற்காலிக ரோடு. லாரி மணலில் புதையாமல் போவதற்காக ஓட்டத்தின் குறுக்கே மண்ணும் சக்கையும் கொட்டிப் பாதை போடுகிறார்கள். அடியில் இரண்டொரு குழாயைப் புதைப்பார்கள், சில இடத்தில் அதுவும் இராது. மேலே ஏற வேண்டிய மீன் மேலே ஏற முடியாது, கீழே இறங்க வேண்டியது கீழே இறங்க முடியாது. ஆற்றுக்குப் போட்ட கதவடைப்பு இது.

விதைநெல்லை வறுத்துத் தின்பது

மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது நெடுநாள் வழக்கம். மூடிய பிறகு காவிரி மெலிந்து, கோடையில் மணல் தெரிகிறது. தண்ணீர் மடுக்களில் மட்டும் தேங்கி நிற்கிறது. அந்த ஆண்டு மிஞ்சிய மீனெல்லாம் அந்த மடுக்களில்தான் ஒதுங்கி உயிர் பிழைத்திருக்கும். புதுவெள்ளம் வந்ததும் அவையே வெளியே வந்து முட்டையிட்டு ஆற்றை நிரப்பும். கெண்டை இனங்களில் பெரியவை புதுத் தண்ணீர் பெருகி வரும்போதுதான் முட்டையிடுகின்றன.

விவசாயத் தொழிலாளிக்குப் புரியும்படி சொன்னால், மடுவில் கிடக்கும் மீன் அடுத்த வருஷத்து விதைநெல். மணல் லாரி ஆற்றில் இறங்கத் தோதான காலமும் அதே கோடைதான். மடுவைச் சுற்றித் தோண்டுகிறார்கள், மடுவின் குறுக்கே ரோடு போடுகிறார்கள், சில இடத்தில் மடுவையே தூர்த்துவிடுகிறார்கள். குதிரில் இருக்கும் விதைநெல்லை வறுத்துத் தின்றுவிட்டு, நடவு நேரத்தில் நாற்று எங்கே என்று கேட்கும் வேலை இது.

எல்லாப் பழியையும் லாரி மேல் போடுவது நியாயமாகாது. 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டினார். 1934இல் மேட்டூர் அணை வந்தது. கடலிலிருந்து முட்டையிட ஆற்றில் ஏறும் உள்ளம் மீனின் பாதையை அணைகள் அடைத்தன. ஊர்ச் சாக்கடையும் ஆலைக் கழிவும் தம் பங்கைச் செய்தன.  காவிரிப் படுகை தவிர உலகில் வேறெங்கும் இல்லாத கூன்முதுகு மஹசீர் மீன், 2018 முதல் அழிவபாயம் உள்ள மீன்களின் உலகப் பட்டியலில் மிகக் கடுமையான அபாய வரிசையில் நிற்கிறது. அணை கட்டியதால் பயிர் விளைந்தது, கோடிக்கணக்கான ஜனங்கள் சோறு தின்றார்கள். மெலிந்த ஆற்றில் மிஞ்சியதையும் டயருக்கு அடியில் வைப்பதால் விளைந்தது என்ன? காண்டிராக்டரின் லாபத்தைத் தவிர வேறொன்றும் நம் கண்ணில் படவில்லை.

இது ஒரு கூலிக் குறைப்பு

"ஊரில் எத்தனையோ கஷ்டம் இருக்க, அயிரை மீனுக்காகத் தலையங்கமா?" என்று சில நண்பர்கள் கேட்கலாம். கேட்கட்டும்.

ஒரு விவசாயத் தொழிலாளியின் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடவு உண்டு, களையெடுப்பு உண்டு, அறுப்பு உண்டு. நடுவில் வேலையில்லாத நாட்கள் எத்தனை! அந்த நாட்களில் தூண்டிலோ, ஊத்தாக் கூடையோ, பழைய வீச்சு வலையோ எடுத்துக்கொண்டு ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் போனால் கால் வயிற்றுக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது கிடைக்கும். பிள்ளைத்தாய்ச்சிக்கும் குழந்தைக்கும் சத்துள்ள ஆகாரம் அந்த வீட்டில் அதுதான். ஆட்டுக்கறி வாங்க அவனால் முடியுமா? ஐஸில் வைத்த கடல்மீனைக் கிலோ கணக்கில் வாங்க முடியுமா?

அந்த மீன் அவனுடைய கூலியின் ஒரு பகுதி. மிராசுதார் தராத பகுதியை ஆறு தந்துவந்தது. அது போய்விட்டால் அதே கூலியில் அவன் வீடு முன்னைவிடக் குறைவாகச் சாப்பிடுகிறது. ஆலையில் பஞ்சப்படியை வெட்டினால் கேட்டிலே கூட்டம் கூடுகிறது, கொடி ஏறுகிறது. ஆற்றிலே மீனை வெட்டினால் யாரும் கூடுவதில்லை. இரண்டும் ஒன்றே என்பதை நாம் உணர வேண்டும். பரிசலும் வலையுமாகக் காவிரிக் கரையில் பிழைக்கும் மீனவருக்கோ இது கூலிக் குறைப்பையும் தாண்டி வேலை நீக்கமே ஆகிறது.

விளையாட்டுக்கு இறங்கும் ஜீப்

பிழைப்புக்காக இறங்கும் லாரி ஒரு பக்கம். பொழுதுபோக்குக்காக ஆற்றில் இறங்கும் ஜீப் இன்னொரு பக்கம். பல லட்சம் ரூபாய் ஜீப்பை ஓடைக்குள் விட்டுத் தண்ணீரை இரு பக்கமும் வாரியிறைப்பதையே வீரம் என்று கார் கம்பெனிகள் விளம்பரத்தில் காட்டுகின்றன. 2023 டிசம்பரில் இமாசலப் பிரதேசத்து லாஹௌலில், ரோட்டில் நெரிசல் என்று ஒருவர் ஜீப்பைச் சந்திரா நதிக்குள்ளேயே ஓட்டிச் சென்றார். நாடே அந்தப் படத்தைப் பார்த்தது. போலீஸார் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி 3,500 ரூபாய் அபராதம் போட்டார்கள். நதிக்கு நேர்ந்த நஷ்டத்துக்கு இதுதான் விலை!

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில், கடலிலிருந்து சால்மன் மீன் ஏறி முட்டையிடும் ஆறுகளை வண்டியில் கடக்க வேண்டுமானால் மீன் இலாகாவிடம் முன்கூட்டி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். எந்த இடத்தில், எந்த மாதத்தில் கடக்கலாம் என்பதை இலாகா சொல்லும். முதலாளித்துவத்தின் தலைமைப் பீடமான நாட்டிலேயே இது முடிகிறது. இங்கே ஏன் முடியாது?

இங்கே சட்டம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வெள்ளைக்காரன் 1897இல் போட்ட இந்திய மீன்வளச் சட்டம், ஆற்றில் வெடி போட்டோ விஷம் கலந்தோ மீன் பிடிப்பதைக் குற்றம் என்கிறது. இரண்டு மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம். வெடி போடுவது தவறுதான், நாம் அதை ஆதரிக்கவில்லை. ஆனால் வெடி ஒரு மடுவை ஒரு நாள் அழிக்கிறது. லாரி ரோடு முழுத் துறையையும் ஒரு பருவம் முழுக்க அழிக்கிறது. அந்தச் சட்டம் லாரியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. பசிக்கு மீன் பிடிப்பவன் கை சட்டத்தின் கண்ணில் படுகிறது. கொள்ளை லாபத்துக்கு மீனை நசுக்குபவனின் சக்கரம் படுவதில்லை.

சர்க்காரும் காண்டிராக்டரும்

2003 அக்டோபரில் தமிழக சர்க்கார், தனியார் மணல் குவாரி முறையை மாற்றித் தானே குவாரி நடத்துவதாக அறிவித்தது. போர்டு சர்க்காருடையது. அள்ளுவதும் ஏற்றுவதும் காண்டிராக்டர் கையிலேயே இருந்தன. 2012 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட், சிறு குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மழைக்காலத்தில் அள்ளக் கூடாது, பாலத்துக்கு அருகே அள்ளக் கூடாது என்றெல்லாம் விதிகள் வந்தன. விதிகள் காகிதத்தில் இருந்தன, லாரிகள் ஆற்றில் இருந்தன.

2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தது. 1928இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. வரைமுறையின்றி மணல் அள்ளியதே காரணம் என்று விவசாயிகள் சொன்னார்கள். வெள்ளத்தின் வேகமே காரணம் என்று சர்க்கார் சொன்னது. 182 வருஷம் எத்தனையோ வெள்ளத்தைத் தாங்கிய அணை அந்த ஒரு வெள்ளத்தில் ஏன் தளர்ந்தது என்ற கேள்விக்கு அந்தப் பதில் போதாது.

2023 செப்டம்பரில் அமலாக்கத் துறை மணல் காண்டிராக்டர்கள் இடங்களில் சோதனை போட்டது. 4,730 கோடி ரூபாய் மதிப்புள்ள மணல் அள்ளப்பட்டது, சர்க்கார் கணக்கில் வந்தது 36.45 கோடிதான் என்று அது சொன்னது. திருச்சி உட்பட ஐந்து ஜில்லா கலெக்டர்கள் நேரில் வர வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. மணல் குற்றம் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இல்லை என்ற காரணத்தில் 2024 ஜூலையில் சென்னை ஹைகோர்ட் காண்டிராக்டர்கள் மீதான நடவடிக்கையை ரத்து செய்தது. டில்லி சர்க்காரின் அரசியல் நோக்கம் தனி விஷயம். ரூபாய்க் கணக்கு கோர்ட்டு வரை ஏறிய இந்த வழக்கிலும் மீன் கணக்குக் கேட்பவர் ஒருவரும் இல்லை.

உலகம் முழுவதும் இதே கதை. மணலும் ஜல்லியுமாக ஆண்டுக்கு 5,000 கோடி டன் தோண்டப்படுகிறது என்று 2022இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டது. வீடு கட்ட மணல் வேண்டும், நாம் மறுக்கவில்லை. மணல் எடுப்பது ஒன்று. எடுக்கும் வண்டியை ஓடும் தண்ணீருக்குள் விடுவது வேறொன்று. முதலாவதை ஒழுங்குபடுத்தலாம். இரண்டாவதுக்கு அவசியமே இல்லை.

லாரி டிரைவர் நம் எதிரியா?

ஒருபோதும் இல்லை. டிரைவரும் கிளீனரும் மணல் வாரும் தொழிலாளியும் நம்மைப் போல் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். எந்த வழியாகப் போவது என்பதை முடிவு செய்கிறவர் டிரைவர் அல்லர். சுற்றிக்கொண்டு போனால் டீசல் செலவு என்று தண்ணீருக்குள் விடச் சொல்கிறவர் முதலாளி. பிடிபட்டால் கேஸ் டிரைவர் மேல்.

மாட்டு வண்டித் தொழிலாளர் நிலை இதைவிட மோசம். கொண்டையம்பேட்டை, தாளக்குடி, மாதவப்பெருமாள்கோயில் போன்ற ஊர்களில் மணல் என்பது எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு. ஒரு வண்டி இழுப்பது ஒரு டன்னுக்குச் சற்று முன்பின். தடம் ஆழமில்லை, எண்ணெய் ஒழுகுவதில்லை. தலைமுறை தலைமுறையாக மாடும் வண்டியும் ஆற்றைக் கடந்தன, மீனும் இருந்தது. இருந்தும் போலீஸின் கை முதலில் நீள்வது நுகத்தடி மீதுதான். நூற்றுக்கணக்கான வண்டிகள் கண்ட இடத்தில் இறங்கினால் அதுவும் கெடுதலே. ஆகவே ஒரே தடத்தில், காய்ந்த மணலில் வேலை செய்ய வண்டித் தொழிலாளரே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அந்த ஒழுங்கு அவர்களுடைய கோரிக்கைக்குப் பலம் சேர்க்கும்.

மீனவரையும் மணல் தொழிலாளரையும் மோதவிட்டு நடுவில் லாபம் பார்ப்பது காண்டிராக்டரின் பழைய வித்தை. அந்த வலையில் நாம் விழக் கூடாது.

நம் கோரிக்கைகள்

போராடினால் பலன் உண்டு என்பதற்கு உதாரணம் நம் மாகாணத்திலேயே இருக்கிறது. தாமிரபரணி மணல் கொள்ளையை எதிர்த்துத் தோழர் நல்லகண்ணு ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையில் வழக்குத் தொடுத்து, தாமே வாதாடினார். 2010 டிசம்பரில் ஐந்து வருஷத் தடை கிடைத்தது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நாம் கேட்பவை இவை:

ஒன்று. ஓடும் தண்ணீருக்குள் லாரி, டிப்பர், பொக்லைன், உல்லாச ஜீப் எதுவும் இறங்கக் கூடாது. ஏற்றும் இடம் கரையில் இருக்க வேண்டும். கடந்தே தீர வேண்டிய இடத்தில், மீன் போக வர வழி விட்டுத் தற்காலிகப் பாலம் போட வேண்டும். செலவு காண்டிராக்டருடையது. ஜூன் 12க்கு முன் அதைப் பெயர்த்தெடுக்க வேண்டும்.

இரண்டு. கோடை மடுக்களை மீன்வளத் துறை மீனவரோடு சேர்ந்து அடையாளம் கண்டு, கல் நட்டு, அவற்றைச் சுற்றித் தோண்டுவதைத் தடுக்க வேண்டும். புதுவெள்ளக் காலத்தில் எந்த வண்டியும் ஆற்றில் கூடாது.

மூன்று. மாட்டு வண்டிகளுக்குத் தனி இடமும் தனித் தடமும் ஒதுக்க வேண்டும். குவாரி மூடும் மாதங்களில் வண்டித் தொழிலாளருக்கும் மணல் வாரும் தொழிலாளருக்கும் நிவாரணம் வேண்டும்.

நான்கு. விதி மீறினால் வழக்கு லாரி முதலாளி மேலும் காண்டிராக்டர் மேலும் போட வேண்டும். டிரைவரைப் பலிகொடுக்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

ஐந்து. ஒவ்வொரு கரையோர கிராமத்திலும் மீனவர், விவசாயத் தொழிலாளர், வண்டித் தொழிலாளர், பெண்கள் அடங்கிய காவல் கமிட்டி வேண்டும். கிராம சபையில் தீர்மானம் போட்டு அதிகாரிகளிடம் கொடுக்க வேண்டும். பதில் வரும்வரை விடக் கூடாது.

திருச்சியில் வேலை செய்யும் பஞ்சாலைத் தோழர்களுக்கும் ரயில்வே தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் பலருக்கு அப்பா அம்மா இன்னும் கரையோர கிராமத்தில் இருக்கிறார்கள். நீங்கள் குடிக்கும் குழாய்த் தண்ணீர் இந்த ஆற்று மணலுக்கு அடியிலிருந்து வருகிறது. கிராமத்துத் தோழர்கள் கிராம சபையில் கை தூக்கும்போது நகரத்துச் சங்கங்கள் அவர்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். அடுத்த சங்கக் கூட்டத்தின் அஜெண்டாவில் போனஸுக்கு அடுத்து இதையும் எழுதுங்கள்.

அடுத்த ஜூனில் புதுத்தண்ணீர் வரும். மடுவில் விதைமீன் இருந்தால் ஆறு நிறையும், சட்டியில் குழம்பு கொதிக்கும். இல்லாவிட்டால் டயர்த் தடத்தில் வெறும் தண்ணீர் தேங்கும். எது நடக்கும் என்பதை இந்தக் கோடையிலேயே நாம் முடிவு செய்தாக வேண்டும்.